ஞாயிற்றுக்கிழமைக் கால் அங்குலம்

5 நவம்பர் 1951, திங்கள்

அப்பா இன்று காலை மழை அளக்கப் போய்த் தவளையை அளந்தார்.

ஆபீஸ் முற்றத்துப் புல்லில் ஒரு செப்புக் குழாய் நிற்கிறது. அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை அங்குலம் என்று எழுதுவது பெரிய கிராணியான, அதாவது தலைமைக் கணக்கரான, அப்பா ஆம்புரோஸ் அவர்களின் காலைப் பூசை. இன்று குவளையில் முதலில் விழுந்தது தவளை. “யேசுவே!” என்று அப்பா போட்ட சத்தம் ரப்பர்ப் பால் ஸ்டோர் வரை கேட்டதாம்.

விசாரணை எதுவும் இல்லை. இந்தத் தோட்டத்தில் என்ன குற்றம் நடந்தாலும் முதலில் அகதாவின், அதாவது என், காதைத் திருகிவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்பது அம்மாவின் சட்டம். சர்க்காரின் அவசரகாலச் சட்டமே அதனிடம் தோற்றது.

“ஏண்டி இப்படிச் செஞ்சே?”

“மழை எவ்ளோ பெஞ்சுச்சுன்னு தவளைக்குத்தானேம்மா சரியா தெரியும்.”

அடுத்த காதும் போயிற்று.

நான் என்ன செய்ய? பகாவ் ரோட்டில் காட்டுக் கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை எரித்ததிலிருந்து என்னைக் கான்வென்ட்டுக்கு அனுப்புவதில்லை. பதினாறு வயதுக்காரியை வீட்டில் சும்மா உட்காரவைத்தால் தவளைதான் விடுவாள். பூத்தையலா போடுவாள்?

8 நவம்பர், வியாழன்

எங்கள் லாக்மோர் தோட்டத்துக்கு ஒரு புது ஜீவன் வந்திருக்கிறது. பெயர் கணேசமூர்த்தி. சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில் படிக்கிறாராம். மூக்குக் கண்ணாடி, குடை, காலில் அட்டை கடித்த ரத்தம். ஆபீசுக்குப் பின்னால் உள்ள அறையில் தங்கல். சாப்பாடு எங்கள் வீட்டில்.

மலையில் பெய்கிற மழை ஆற்றில் எப்படி ஏறுகிறது, முகத்துவாரத்தில் கடல் ஏறும்போது ஆறு இறங்குமா நிற்குமா என்று ஒரு வரைபடம் போடப்போகிறாராம். மழைக் கணக்கு வானிலை ஆபீசில். ஆற்று மட்டம் தண்ணீர் இலாகாவில். கடல் மட்டம் துறைமுகத்தாரிடம். ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்ததே இல்லை. தண்ணீருக்குத்தான் புத்தி இல்லை, மூன்று ஆபீசுக்கும் ஒன்றாகவே ஓடுகிறது.

“கேட்டா குடுக்க மாட்டாங்களா?” என்றேன்.

“எல்லாம் ரகசியம்கிறாங்க. மழை நாள் தெரிஞ்சா ஏரோப்ளேன் என்னிக்கு வராதுன்னு காட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடுமாம். ஆத்து மட்டம் தெரிஞ்சா எங்க கடக்கலாம்னு தெரிஞ்சிடுமாம்.”

“காட்டுல இருக்கிறவங்க மழையில நனைஞ்சுகிட்டுத்தானே சார் இருக்காங்க? அவங்களுக்கு மழை பெய்யுறது தெரியாதா?”

கணேசமூர்த்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா சிரிப்பை அடக்கப் போய்ப் புரை ஏறியது.

இவருக்கு அப்பா மட்டும்தான் கேட்டவுடன் கொடுத்தவர். ஐந்து வருஷ மழை, அப்பாவின் குண்டு குண்டு எழுத்தில். “எவ்வளவு ஒழுங்கு!” என்று வியந்துகொண்டே இருந்தார். அப்பா ஏனோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஞாயிறு வரட்டும்.

11 நவம்பர், ஞாயிறு

வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. கண்ணாடிக் குவளையும் உள்ளே. விடிந்ததும் மாதா கோயில் பூசைக்குப் போகும் லோரி புறப்பட்டுவிடும். அதற்குக் காவல் வரும் துப்பாக்கிக்காரர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். திரும்பி வந்ததும் அப்பா வெள்ளைக் கால்சட்டையோடு புல்லில் கால் வைத்து, குழாயைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். திங்கட்கிழமை சுத்தமாகத் தொடங்க வேண்டுமல்லவா? அப்புறம் டெலிபோன்.

“இன்னிக்கு என்ன போடலாம்?”

“கால் போதும்லா.”

“சரி, கால்.”

அப்பாவும் சுற்றியுள்ள நான்கு தோட்டத்துக் கிராணிமாரும் சேர்ந்து இப்படிப் பேசி முடித்துவிடுவார்கள். தூறினாலும் கால் அங்குலம், கொட்டினாலும் கால் அங்குலம். அரசாங்க ஆபீஸ்கள் ஒன்றுக்கொன்று ஒரு புள்ளி கொடுக்காத நாட்டில், இந்த ஐவருக்குள் என்ன ஒற்றுமை! வாரத்தில் ஆறு நாள் அப்பா மழையை அளக்கிறார். ஏழாம் நாள் சும்மா அளக்கிறார்.

இதை அவரிடமே சொன்னேன். “வாயை மூடு” என்றார். ஆனால் மீசை சிரித்தது.

14 நவம்பர், புதன்

காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது துரை அறிவித்துவிட்டாராம். வரும் வருஷப் பிறப்புக்குள் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயமும் காலி. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு போகாமல் தடுக்க, எல்லாரையும் ஒரே இடத்தில், கம்பி வேலிக்குள் குடிவைக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. இடம் எது? ஆற்றோரப் பள்ளம்!

மங்கம்மா அக்கா பால் வாளியை வைத்துவிட்டு எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கைப்பிள்ளை. இரண்டாம் நம்பர் லயத்தில் அவளைவிடச் சத்தமாகப் பேசுகிறவர் யாரும் கிடையாது. எனக்கு அவளைப் பிடிப்பதற்கு அதுவே காரணம்.

“பாப்பா, அந்தப் பள்ளத்துல தவளையே யோசிச்சுத்தான் குடி போவும். போன வருசம் அங்க இடுப்பு மட்டுக்கும் தண்ணி. எங்க வூட்டுக்காரரு மரத்துக்கு மரம் புடிச்சிக்கிட்டே மாட்டை ஓட்டியாந்தாரு. சாயங்காலம் ஆனா கேட்டைப் பூட்டிட்டுப் போயிடுவான். ராத்திரி தண்ணி வந்தா புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க ஓடறது? கம்பி மேலயா?”

“துரைகிட்டச் சொல்லலியா அக்கா?”

“சொன்னமே. இது வேலிக்குள்ள வராம இருக்கிறதுக்குச் சாக்குங்கிறான். காயிதத்தை எடுத்துக் காட்டறான். அன்னிக்கி மழையே இல்லியாம். கால் அங்குலமாம்!”

இந்தத் துரை வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன வருஷத்து வெள்ளம் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் குண்டு எழுத்து.

போன வருஷம் டிசம்பர் பத்து. ஞாயிறு.

நான் வாயடைத்துப் போனது இதுதான் முதல் தடவை என்று அம்மா சாட்சி சொல்வாள்.

15 நவம்பர், வியாழன்

அப்பா சாப்பிடவில்லை. பல்வலி என்றார். பல்வலி அம்மாவுக்கு அல்லவா?

19 நவம்பர், திங்கள்

அம்மாவின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க சிரம்பானுக்குப் போனோம். கணேசமூர்த்தியும் அதே லோரியில், கடைசித் தடவையாக ஆற்றுக் கணக்கைக் கெஞ்சிக் கேட்க. தோட்டத்து வாசலில் சோதனை. ஒரு பருக்கை சோறு வெளியே போகக்கூடாது. சோதிக்கிற அம்மாள் அம்மாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, “வாயில என்னா, அரிசியா?” என்றாள்.

“சியாம் பச்சரிசி” என்றேன்.

அம்மாவால் பேச முடியவில்லை. கிள்ள முடிந்தது.

பல் போனது. வாய் நிறையப் பஞ்சு. லோரி வரும்வரை உட்கார இடம் வேண்டி நாங்களும் கணேசமூர்த்தியோடு தண்ணீர் இலாகா ஆபீசுக்குள் நுழைந்தோம். அங்கே பெரிய கிளார்க் முருகையா. அப்பாவுக்குப் பழைய பழக்கம். மாதா மாதம் எங்கள் தோட்டத்து மழைக் கணக்கு அவருக்கும் ஒரு பிரதி போகும்.

“ஆத்து மட்டம் கொடுக்கிறதுக்கில்ல தம்பி. பாலம் சம்பந்தப்பட்டது. லெட்டர் போடுங்க. நாங்க கோலாலம்பூருக்குப் போடுவோம். அவங்க யோசிப்பாங்க.”

“மார்ச்சுலயே போட்டேன் சார்.”

“அப்போ யோசிச்சுக்கிட்டிருக்காங்க.”

கணேசமூர்த்தி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். எனக்கு மங்கம்மா அக்காவின் இடுப்பில் இருந்த பிள்ளை ஞாபகம் வந்தது. அம்மாவின் வாயிலோ பஞ்சு. என் வாய்க்குக் காவல் இல்லை.

“விடுங்க சார். இவங்க கணக்கு எதுக்குமே உதவாதுன்னுதானே வானிலை ஆபீஸ்ல சொன்னாங்க.”

முருகையா நிமிர்ந்தார். “என்னன்னு?”

“ஐயோ, நான் சொல்லக் கூடாது.”

“பரவால்ல, சொல்லும்மா.”

“பாலத்துல நீங்க நட்டு வச்ச அளவுக் கம்பைக் கரையான் தின்னுடுச்சாம். நீங்க நாற்காலியில உக்காந்துகிட்டே ஆத்தை அளக்கிறீங்களாம்.”

யாரும் அப்படிச் சொல்லவில்லை. கணேசமூர்த்தியின் வாய் திறந்தது, மூடவில்லை. பஞ்சுக்கு மேலே அம்மாவின் கண் உருண்டது.

“யாரு, அந்த வானிலை ஆபீஸ் நாகநாதனா சொன்னான்? கரையானா?” முருகையா அலமாரியைத் திறந்த வேகத்தில் கதவு கையோடு வந்துவிடும் என்று பயந்தேன். தாள் தாளாக மேசை மேல் விழுந்தது. “பாருங்க தம்பி! காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. ஞாயித்துக்கிழமை கூட! என் ஆளு ஆத்துல இறங்கி நின்னு பாக்கிறான்!” சொல்லிக்கொண்டே டெலிபோனைச் சுழற்றினார்.

“நாகநாதன்! என் கம்பைக் கரையான் தின்னுச்சாமே? உன் பேனா மெஷின் மட்டும் தூங்காம முழிச்சிருக்கோ?... என்னது, நீ சொல்லலியா? சரி, உன் கணக்கைப் படி பாப்போம். போன டிசம்பர் எடு!”

அந்தப் பக்கம் நாகநாதன் கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. மழைத் தாளில் தானாகக் கோடு போடும் இயந்திரம் அவரிடம் இருக்கிறது. அதன் மானத்தைக் காப்பாற்ற அவர் நாள் நாளாகப் படித்தார். கம்பின் மானத்தைக் காப்பாற்ற இவர் நாள் நாளாகப் படித்தார். கணேசமூர்த்தி சத்தமில்லாமல் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். மார்ச்சிலிருந்து யோசித்துக்கொண்டிருந்த கோலாலம்பூர் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அப்படி ஒரு வெற்றி!

மெதுவாகக் குரல்கள் இறங்கின. ஒருவர் மழை என்ற நாளில் மற்றவருக்கு ஆறு ஏறியிருந்தது. “அப்போ உன்னுதும் சரிதான்பா” என்றார் முருகையா. “பத்தாந்தேதி பாரேன், ஆறு பாலத்தைத் தொட்டிருக்கு. உன் பேனா தாளை விட்டே வெளிய ஓடியிருக்கு. ஆனா இந்த லாக்மோர் தோட்டத்துத் தாள்ல ஏன் கால் அங்குலம்?”

தாளைப் புரட்டினார். இன்னொரு ஞாயிறு. இன்னொரு ஞாயிறு.

முருகையா ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினார். டெலிபோனில் நாகநாதன் மட்டும் “ஹலோ, ஹலோ” என்றுகொண்டிருந்தார்.

“நீ ஆம்புரோஸ் பொண்ணுதானேம்மா?”

தலையாட்டினேன். இந்த முறை அம்மா கிள்ளவில்லை. அதுதான் வலித்தது.

“மேலிடத்துக்கு நான் இன்னும் ஒண்ணும் எழுதல” என்றார் முருகையா. “அப்பாகிட்டச் சொல்லு.”

வரும் வழியெல்லாம் கணேசமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கோலா பிலா தாண்டிய பிறகு சொன்னார். “ஞாயிறை எல்லாம் விட்டுட்டு மத்த நாளை மட்டும் என் படத்துல போட்டுக்கிறேன். யாரும் கேக்க மாட்டாங்க.”

“அப்படிப் போட்டா பள்ளத்துல வெள்ளம் தெரியுமா?”

“தெரியாது.”

20 நவம்பர், செவ்வாய்

சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். கரையானைக்கூட.

அடிப்பார்னு நினைச்சேன். அடிச்சிருக்கலாம்லா. நாற்காலியில உக்காந்து வெள்ளைக் கால்சட்டையோட மடிப்பைத் தடவிக்கிட்டே இருந்தார்.

“தெரியும்மா. போன வருஷம் பூசை முடிஞ்சு லோரில வரும்போது பாத்தேன். பள்ளம் முழுக்கத் தண்ணி. பாத்துட்டு வந்துதான் டெலிபோன்ல கால்னு சொன்னேன். பழக்கம்.”

“துரை இடம் பாத்தப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?”

“சொன்னா அஞ்சு வருஷத்து ஞாயிறும் போச்சு. பெரிய கிராணி வேலையும் போச்சு. இந்த வீடும் போச்சு. உங்க அம்மா போட்ட ரோஜாச் செடியும் போச்சு.”

அம்மா சமையலறையில் இருந்து, பஞ்சோடு, புரியாத ஏதோ ஒன்றைச் சொன்னாள். இரண்டாம் தடவை சொன்னபோது புரிந்தது.

“செடி எங்க வச்சாலும் வளரும்.”

22 நவம்பர், வியாழன்

அப்பா துரையைப் பார்க்க உள்ளே போனார். கணேசமூர்த்தியின் தாள்கள் கையில். நான் ஜன்னலுக்குக் கீழே செம்பருத்திக்குள். எறும்பு கடித்தது, அசையவில்லை.

முதலில் துரை, “யுனிவர்சிட்டிப் பையன் உன்னைப் பயமுறுத்தினானா?” என்று இங்கிலீஷில் கேட்டார். அப்பா இல்லை என்றார். அப்புறம் அப்பா பேசினார். நீளமாக இல்லை. ஞாயிறு என்ற வார்த்தை மூன்று நான்கு தடவை வந்தது. மற்ற நான்கு கிராணிமாரின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

துரை கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நாற்காலி நகர்ந்தது. இரண்டு பேரும் வெளியே வந்து ஜீப்பில் ஏறி ஆற்றுப் பக்கம் போனார்கள். அப்பா முன்சீட்டில். அவரைத் துரை முன்சீட்டில் வைத்து நான் பார்த்ததே இல்லை. நல்லதா கெட்டதா?

26 நவம்பர், திங்கள்

இரண்டும்.

பள்ளம் வேண்டாம் என்று துரை எழுதிவிட்டார். புகைக்கூடத்துக்கு மேலே உள்ள சரிவில் வேலி போடப்போகிறார்கள்.

அப்பா இனிமேல் பெரிய கிராணி இல்லை. வெளிக்காட்டுக் கிராணி. விடியுமுன்னே எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து ஆள் கணக்கு எடுக்க வேண்டும். இந்த வீட்டைப் புதியவருக்குக் காலி செய்ய வேண்டும்.

நேற்று ஞாயிறு. சாயங்காலம் டெலிபோன் அடிக்கவே இல்லை. நான்கு கிராணிமாரும் அப்பாவோடு பேசுவதில்லையாம். இப்போது அவர்களும் நனைந்துகொண்டே அளக்கிறார்கள்.

30 நவம்பர், வெள்ளி

கணேசமூர்த்தி கிளம்பினார். ஆற்றுக் கணக்கும் மழைக் கணக்கும் இனி மாதா மாதம் அவருக்குத் தபாலில் வருமாம். முருகையாவும் நாகநாதனும் ஒருவருக்கொருவரும் அனுப்பிக்கொள்கிறார்களாம், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

“அடுத்து துறைமுகத்துக்காரங்ககிட்டப் போறேன்” என்றார். “அவங்க கடல் மட்டம் தர மாட்டேங்கிறாங்க.”

“அவங்க கம்புல நண்டு குடியிருக்குன்னு தண்ணீர் இலாகாவுல பேசிக்கிறாங்களே, கேக்கலியா சார்?”

குடையால் என் தலையில் ஒரு தட்டு. ஆனால் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே லோரியில் ஏறினார். நான் பார்த்தேன்.

7 டிசம்பர், வெள்ளி

ஆபீஸ் முற்றத்தில் இப்போது மூன்று செப்புக் குழாய்கள். ஒன்று தோட்டத்துடையது. ஒன்று தண்ணீர் இலாகா கொண்டுவந்து நட்டது. ஒன்று வானிலை ஆபீசுடையது. கணக்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள், நம்பத்தான் மனசு வரவில்லை. புதுக் கிராணி மூன்றையும் அளந்து மூன்று இடத்தில் எழுதுகிறார், மூச்சு வாங்க.

தவளைகளுக்கு இப்போது வீட்டுப் பஞ்சம் இல்லை. (நான் ஒன்றும் செய்யவில்லை. நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.)

10 டிசம்பர், திங்கள்

சரிவுக்குக் குடி வந்துவிட்டோம். சுவர் பலகை, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மங்கம்மா அக்கா “நூறு வயசு” என்கிறாள். அம்மா ரோஜாவைத் தகரத்தில் நட்டிருக்கிறாள். அப்பா காலெல்லாம் அட்டைக்கடியோடு வருகிறார். முதல் நாள் யாரும் அவரோடு பேசவில்லை. இரண்டாம் நாள் யாரோ வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

16 டிசம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமையிலிருந்து மழை. ரோடு மூடிவிட்டது, பூசைக்கு லோரி போகவில்லை. அப்பா வீட்டிலேயே வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு செபம் சொன்னார்.

பத்து மணிக்கு மழை வெறித்தது. எல்லாரும் வேலியோரம் போய் நின்றோம். கீழே பள்ளத்தைக் காணோம். ஆறுதான் இருந்தது, பழுப்பாக, அகலமாக, அவசரமே இல்லாமல். ஒரு கோழிக்கூடு மிதந்து போனது. யாருடையதோ.

மங்கம்மா அக்கா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். மற்ற கையில் அம்மா கொடுத்த தேத்தண்ணி.

“கிராணியாரே, எனக்குன்னு போன மாசம் பள்ளத்துல வூட்டுக்கு முளை அடிச்சு நம்பர் எழுதினாங்களே, அது எங்க?”

அப்பா கொஞ்ச நேரம் தேடினார். அப்புறம் கையை நீட்டி, ஆற்றின் நடுவில் ஒரு வாழைமரம் வேரோடு சுற்றிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினார்.

அக்கா பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். வாழை இரண்டு சுற்று சுற்றி, வளைவில் திரும்பி மறைந்தது. பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டது.

“அம்மா,” என்று அவள் என் அம்மா பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள், “தேத்தண்ணியில சீனி பத்தலயே.”